“டீச்சர் ஒன்றும் சொல்லித்தரவில்லை, அம்மா!”



மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளையின் பையைக் கையில் வாங்கிக்கொண்டே, “இன்று டீச்சர் என்ன சொல்லித்தந்தார்கள்?” என்று நீங்கள் கேட்பதுண்டு. “ஒன்றும் சொல்லித்தரவில்லை. நாங்கள்தான் பேசிக்கொண்டிருந்தோம்” என்று பிள்ளை பதில் சொன்னால் உங்கள் மனம் திடுக்கிடுவதும் உண்டு. திருவனந்தபுரம் கரமனையில் குடியிருக்கும் ஒரு சகோதரி இந்தப் பதிலைக் கேட்டுக் கலங்கித்தான் என்னிடம் வந்தார். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். கணவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதுகிறார். மகள் நான்காம் வகுப்பு.

“அண்ணாச்சி, ஊரிலே என் அக்கா மகன் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாக ஒப்பிக்கிறான். இவள் தாளை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு டீச்சர் அடிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. இவளை ஊருக்கே அனுப்பி ஆச்சியிடம் விட்டுப் படிக்க வைக்கலாமா?”

பெற்ற பிள்ளையை எட்டு வயதில் பிரிந்திருக்கத் துணிகிற அளவுக்கு அந்தத் தாயை எது அச்சப்படுத்தியது? இவ்வூரில் நம்மவர் பலருடைய வீட்டில் இதே அச்சம் இருக்கின்றது. ஆகையால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நானும் நீங்களும் படித்த வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் மேடைமேல் நிற்பார்; நாம் வரிசையாக உட்கார்ந்திருப்போம். அவர் சொல்வார், நாம் திருப்பிச் சொல்வோம். பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே நம் தகப்பனார், “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், சார்” என்று உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். நீதிமொழிகளில் பிரம்பைப் பற்றி வருகிற வசனத்தைக் காட்டி அதை நியாயப்படுத்தியவர்களும் நம்மிடையே உண்டு. நான் ஐந்தாம் வகுப்பில் பின்னத்தைக் கற்றுக்கொண்டது உள்ளங்கையில்தான். இன்றும் பின்னக் கணக்கைக் கண்டால் கை தானாக மூடிக்கொள்கிறது; கணக்கு மட்டும் வருவதில்லை.

கேரளம் அந்த வகுப்பறையைக் கலைக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளை நெருங்குகிறது. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் என்ற மத்திய அரசின் திட்டம், டி.பி.இ.பி. என்ற சுருக்கப் பெயரில், 1994இல் காசர்கோடு, வயநாடு, மலப்புறம் மாவட்டங்களில் வந்தது. இரண்டாம் கட்டத்தில் இடுக்கி, பாலக்காட்டோடு திருவனந்தபுரமும் சேர்ந்தது. 1997ஆம் ஆண்டு முதல் தொடக்க வகுப்புகளின் பாடப்புத்தகங்கள் முற்றிலும் மாறின. செய்து கற்றல், குழுவாகக் கற்றல், கேள்வி கேட்டுக் கற்றல் என்பவை முறைகளாயின. அறிவு என்பது ஆசிரியரின் குடத்திலிருந்து மாணவரின் குடத்தில் ஊற்றப்படுவதன்று, பிள்ளை தானே கட்டி எழுப்பிக்கொள்வது என்பது இதன் அடிப்படை. சுவிட்சர்லாந்தின் பியாஜே, ருஷ்யாவின் வைகாட்ஸ்கி ஆகியோர் கருத்துகள் ஆசிரியர் பயிற்சிகளில் இடம்பெற்றன. பூஜப்புரையிலிருக்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி மன்றமாகிய எஸ்.சி.இ.ஆர்.டி. 2007இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம், பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரேய்ரேயின் வழியில், சமூகத்தின் பிரச்சினைகளையே பாடமாக்க வேண்டும் என்றது. (2008இல் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைக் குறித்து எழுந்த பெரும் போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அது மதம் சார்ந்த வழக்கு. கற்பிக்கும் முறையைப் பற்றியது அன்று. அதை இங்கே கலக்க வேண்டாம்.)

நம் தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பின்பற்றியது. 2007இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். ஏணிப்படியும் அட்டைகளும் வந்தன. சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்பக் கரும்பலகை தீட்டப்பட்டது. ஆகவே, “ஊருக்கு அனுப்பினால் பழைய பள்ளிக்கூடம் கிடைக்கும்” என்று எண்ணும் பெற்றோர், அந்த ஊரும் மாறிவிட்டதை அறிந்துகொள்வது நல்லது. பிரம்பைப் பொறுத்தவரை, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் நாடெங்கும் தடை செய்துவிட்டது.

மணலில் எழுதிய பிள்ளைகள்

“இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு” என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். உண்மை இதற்கு நேர் எதிரான ஒரு பழைய கதையில் இருக்கின்றது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1789இல் மதராசில் இராணுவத்தார் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்குக் கண்காணிப்பாளரானார். போதிய ஆசிரியர் இல்லை. இருந்தவர்களுக்கும் ஆர்வம் இல்லை. ஒருநாள் குதிரையில் போகையில், ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டார். அதை அவர் ‘மலபார்’ பள்ளி என்று குறித்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபாரார் என்றே அழைத்தனர் என்பதை வேடிக்கையாகச் சொல்லி வைக்கிறேன். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். பெல் மணலையும் எடுத்துக்கொண்டார், பிள்ளைக்குப் பிள்ளை ஆசிரியராகும் முறையையும் கைக்கொண்டார். ஊர் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாக்கினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் அதற்கப்பாலும் பரவியது. மலையாளத்தில் இன்றும் முதலெழுத்துப் பயிற்சிக்கு ‘நிலத்தெழுத்து’ என்றே பெயர்.

ஆகவே பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் கற்பது நமக்குப் புதிதன்று. இடையில் வந்த பெருங்கூட்ட வகுப்பறையும் பரீட்சையும் அதை மறக்கச் செய்தன.

ஆனால் பெற்றோரின் அச்சத்தில் ஓர் உண்மையும் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. புதிய முறையில் எழுத்துகளை வரிசையாக அறிமுகம் செய்வதில்லை. முதலில் ஒரு கதை, அதிலிருந்து வாக்கியம், வாக்கியத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து எழுத்து என்று முழுமையிலிருந்து பகுதிக்கு வரவேண்டும். மலையாளத்தில் ‘ஆசயாவதரண ரீதி’ என்பார்கள். திறமையும் பொறுமையும் உள்ள ஆசிரியரிடம் இது அழகாக நடக்கும். வீட்டில் புத்தகம் இருக்கிற, மலையாளம் புழங்குகிற பிள்ளைக்கு எழுத்து தானாகவே ஒட்டிக்கொள்ளும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்கிற நம் பிள்ளைக்கோ, அந்த முழுமையே புரியாதபோது பகுதி எங்கிருந்து வரும்? தொண்ணூறுகளின் இறுதியில் ‘டி.பி.இ.பி.’ என்பதே கேரளத்தில் கேலிச்சொல்லாயிற்று. எழுத்தறியாத பிள்ளையை அப்பெயரால் அழைத்தார்கள். பாடநூலிலிருந்து காணாமற்போன அகரவரிசை, பல ஆண்டுகள் எழுத்தாளர்களும் பெற்றோரும் குரல் கொடுத்த பிறகு, 2022இல் முதல் இரு வகுப்புகளின் மலையாளப் புத்தகங்களில் திரும்பி வந்தது. அது திரும்பி வந்தது நல்லதென்றே நான் கருதுகிறேன். செய்து கற்பதற்கும் எழுத்தை வரிசையாக அறிவதற்கும் பகை ஒன்றுமில்லை.

பூனைக் கதை சொன்ன டீச்சர்

நான்கு சுவருக்குள் டீச்சர் என்ன செய்கிறார் என்பதை ஒரு மாநிலமே உட்கார்ந்து பார்த்த நாள் ஒன்று உண்டு. அது 2020 ஜூன் 1. கொள்ளைநோயால் பள்ளிகள் பூட்டிக்கிடக்க, ‘பர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக வகுப்புகள் தொடங்கின. இந்த அலைவரிசையைத் திருவனந்தபுரத்தில் 2005 ஜூலையில் தொடங்கி வைத்தவர் நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள். பதினைந்து ஆண்டுகள் பலர் கவனிக்காமலிருந்த அது, ஒரே நாளில் வீட்டுக்கு வீடு பள்ளிக்கூடமாயிற்று.

முதல் வகுப்புக்கு வந்த ஓர் ஆசிரியை இரண்டு பூனைகளின் கதையைச் சொன்னார். கண்ணை உருட்டினார், குரலை மாற்றினார், கையை ஆட்டினார், எதிரில் ஒரு பிள்ளையும் இல்லாதபோதே பிள்ளைகளிடம் பதில் கேட்டுக் காத்திருந்தார். அன்று வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த ஆண்கள் பலர், ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பாடம் சொல்கிறார்கள் என்பதை வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டனர். சிலர் வியந்தனர். சிலர் அதைக் கேலி செய்து படம் போட்டனர். ஆசிரியைகளைக் குறித்து அருவருப்பாக எழுதினர். காவல்துறை வழக்குப் பதிவு செய்யும் அளவுக்கு அது போயிற்று. பிள்ளைகளோ ஒன்றையும் கவனிக்காமல் பூனைக் கதையை மறுபடி மறுபடி கேட்டனர்.

தமிழ்வழி, கன்னடவழி மாணவருக்கும் தனிப் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிந்திருந்தனர் என்று தெரியவில்லை. வீட்டில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாத பிள்ளைகளும் இருந்தனர். வகுப்பு தொடங்கிய அதே நாளில் மலப்புறம் மாவட்டத்தில் பத்தாம் வகுப்பு படித்த ஓர் ஏழை மாணவி உயிரிழந்தது மாநிலத்தையே உலுக்கிற்று. அதன்பின் படிப்பகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுத் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டன. கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும், அது வந்து சேராத வீடு ஒன்று இருக்கும் என்பதை அந்த ஜூன் மாதம் காட்டியது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் தந்தார்கள். ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் சங்கமும் அதே ஆண்டு வந்தது. கணினி மக்கர் செய்தால் ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஒன்பதாம் வகுப்பு மாணவி வந்து சரிசெய்துவிட்டுப் போகிறாள். நம் காலத்தில் சாரின் சைக்கிளைத் துடைக்கும் அளவுக்குத்தான் நமக்கு அதிகாரம் இருந்தது!

சாரா, டீச்சரா?

அழைக்கும் பெயரும் மாறுகிறது. ஆண் ஆசிரியரைச் சார் அல்லது மாஷ் என்பதும், பெண் ஆசிரியரை டீச்சர் என்பதும் இங்குள்ள பழக்கம். பாலக்காடு மாவட்டத்து ஓலசேரியில் ஒரு பள்ளி, ஆணோ பெண்ணோ எல்லாரும் ‘டீச்சர்’ என்றே அழைக்கப்படட்டும் என்று முடிவெடுத்தது. (ஓலசேரி என்றதும் இட்லி நினைவுக்கு வந்தவர்கள் நம்மவரே. அந்தத் தட்டை இட்லியைப் பெயர்பெறச் செய்தவை தமிழகத்திலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள்தாம்.) 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தை உரிமை ஆணையமும் அதே கருத்தைப் பொதுக்கல்வித் துறைக்கு அறிவுறுத்தியது. 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில், சமையலறையில் தந்தை தேங்காய் துருவும் படம் ஒன்று இருந்தது; ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசிற்று. சகோதரர்களே, படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனை பேர் துருவுபலகையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்?

இருக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. திரைப்படத்தைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவது வழக்கமில்லை. எனினும் செய்தி அங்கிருந்து தொடங்குவதால் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024இல் வெளியான ஒரு மலையாளப் படத்தில் கடைசி பெஞ்சே இல்லாதபடி இருக்கைகளைச் சுவரோரமாக மூன்று பக்கமும் போட்டார்கள். அதைக் கண்டு கொல்லம் மாவட்டம் வாளகத்தில் ஒரு பள்ளி அவ்வாறே செய்தது; பிற பள்ளிகளும் பின்பற்றின. 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் இப்பேச்சு எழுந்தபோது நம்மவர் அதற்கு ‘ப’ வடிவம் என்று பொருத்தமாகப் பெயரிட்டனர். பக்கவாட்டில் இருக்கும் பிள்ளை நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பியே பலகையைப் பார்க்க வேண்டுமே என்று பெற்றோர் கேட்டது நியாயமான கேள்விதான். நாற்பது பிள்ளைகள் உள்ள சிறிய அறையில் ‘ப’ போடுவதற்கு இடமும் இல்லை.

ஆயினும், யார் எங்கே உட்காருவது என்பது இம்மண்ணில் அற்பமான காரியமன்று. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஊரூட்டம்பலத்தில் 1910களில் அய்யங்காளி, பஞ்சமி என்ற புலையச் சிறுமியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்குள் அழைத்துச் சென்று உட்காரவைத்தார். அவள் உட்கார்ந்ததற்காக அந்தப் பள்ளியையே தீ வைத்துக் கொளுத்தினார்கள். எரிந்து மிஞ்சிய ஒரு பெஞ்சை அங்கே இன்றும் பாதுகாத்து வருகின்றனர்; பள்ளியும் அவ்விருவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பாலராமபுரம் வழியாக ஊருக்குப் போகும்போது, ஒருமுறை உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பெஞ்சைக் காட்டுங்கள்.

முப்பது சதவீதம்

இனி உங்கள் வீட்டை நேரடியாகத் தொடும் ஒன்று. கேரளத்தில் 2005 முதல் எஸ்.எஸ்.எல்.சி.க்கு மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் கிரேடு தரப்படுகிறது. நூறு மதிப்பெண் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 80, ஆண்டு முழுவதும் செய்த செயல்பாடுகளுக்கு 20. இரண்டையும் கூட்டி 30 வந்தால் தேர்ச்சி என்று இருந்தது. செயல்பாடுகளுக்குப் பெரும்பாலும் முழு 20 கிடைத்துவிடும். அப்படியானால் எழுத்துத் தேர்வில் 80க்கு 10 வாங்கினாலே போதும். அந்தப் பத்தை நம்பிப் பல வீடுகள் நிம்மதியாக உறங்கின.

2024 ஆகஸ்டில் அமைச்சரவை எடுத்த முடிவு அந்த உறக்கத்தைக் கலைத்தது. எழுத்துத் தேர்வில் தனியாகவே 30 சதவீதம் வேண்டும். அதாவது 80க்கு 24, 40க்கு 12. 2024-25இல் எட்டாம் வகுப்பிலும், 2025-26இல் ஒன்பதிலும், 2026-27இல் பத்திலும் இது வரும் என்று அறிவித்தனர். முதல் ஆண்டில் குறைவாக வாங்கிய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2025 ஏப்ரல் விடுமுறையில் துணை வகுப்புகள் நடத்தி மறுதேர்வு வைத்தனர். பிள்ளையைத் தள்ளிவிடுவது நோக்கமன்று, பின்தங்கியதைக் கண்டு கைதூக்குவதே நோக்கம் என்றார்கள். நல்லதே. ஆனால் விடுமுறை விட்டதும் மறுநாள் காலை நாகர்கோவில் பாசஞ்சரில் ஏறிவிடுகிற நம் குடும்பங்கள் அந்தத் துணை வகுப்பைத் தவறவிடக்கூடாது. டிக்கெட் எடுக்குமுன் பள்ளியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கரமனைச் சகோதரிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “பிள்ளையை அனுப்புவதற்கு முன், ஒருமுறை வகுப்புப் பி.டி.ஏ. கூட்டத்துக்குப் போய்வாருங்கள், அம்மா.”

“எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதே, அண்ணாச்சி. அங்கே போய் நான் என்ன பேசுவேன்? அவர் கடையை விட்டு வரமாட்டார்.”

இந்தக் கூச்சம்தான் நம் பெரிய தடை. புதிய முறையில் பாதிப் பாடம் வீட்டில் நடக்கிறது. தாத்தாவிடம் கேட்டு எழுது, சமையலறையில் அளந்து பார், அக்கம்பக்கத்தில் விசாரி என்று பிள்ளையை அனுப்புகிறார்கள். அந்த வீடு பேசாவிட்டால் பிள்ளை வெறுங்கையோடு திரும்பும். மலையாளம் தெரியாத பெற்றோர், “என்னால் உதவ முடியாது” என்று ஒதுங்கிவிடுகின்றனர். அல்லது கம்பியூட்டர் சென்டரில் காசு கொடுத்துப் படங்களை அச்செடுத்து ஒட்டி அனுப்புகின்றனர். இரண்டாவது செயல் முதலாவதைவிட மோசமானது. பிள்ளை அதில் கற்றுக்கொள்வது அச்சுக்கூலி எவ்வளவு என்பதை மட்டுமே.

அந்த வாரம் மகளுக்குக் கொடுத்திருந்தது பழைய முகத்தலளவைகளைப் பற்றிய வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாழி, இடங்கழி, பற என்று எழுதிக்கொண்டு போயிருந்தனர். நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பற. இவள் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. நான் அந்தத் தாயிடம், “உங்கள் ஊரில் நெல்லை எதனால் அளந்தார்கள்?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால்” என்று மடமடவென்று சொன்னார். பெண் பிள்ளை வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாழி இரு பக்கமும் இருக்கிறதே என்று முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். அன்றிரவு தாயும் மகளும் சமையலறையில் தம்ளரை வைத்து அரிசியை அளந்து, தரையெல்லாம் இறைத்து, நோட்டில் படம் வரைந்தார்களாம். எழுதியது தமிழில், மகள் அதைத் தானே மலையாளத்தில் மாற்றிக்கொண்டாள்.

இங்குள்ள ஆசிரியர்கள் எழுதும் டீச்சிங் மேனுவலில் ஒரு பக்கம் திட்டத்துக்கும், எதிர்ப்பக்கம் வகுப்பில் பிள்ளைகள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளவும் உண்டு. அந்த எதிர்ப்பக்கத்தில் ஆழாக்கும் மரக்காலும் ஏறியிருக்க வேண்டும். நான்கு நாள் கழித்து மகளின் டைரியில் டீச்சரின் குறிப்பு ஒன்று வந்தது. மகள் வாசித்துச் சொன்னாள்: அடுத்த புதன்கிழமை அம்மா வகுப்புக்கு வந்து இந்த அளவைகளைப் பிள்ளைகளுக்கு விளக்க முடியுமா?

சகோதரி மறுபடி என்னிடம் வந்தார். ஊருக்கு அனுப்பும் பேச்சை எடுக்கவில்லை. மரக்கால் ஒன்று இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்றும், சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு போனால் போதுமா என்றும் கேட்டார்.